திரைக்கு இந்தப் பக்கம் நகர்ந்த குதிரை

கோஷா வீடுகளுக்குச் சதுரங்கம் ஆடத் துணையாகப் போகிற வேலையில் நீங்கள் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். வெளியே போக முடியாத பெண்களோடு உட்கார்ந்து ஆடுவதற்கு ஆள் வைத்துக்கொள்கிற வீடுகள் இந்த ஜார்ஜ் டவுனில் இன்னும் இருக்கின்றன என்பதே பெரிய விஷயம். நான் இருபத்திரண்டு வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். பினாங்கில் எந்தப் பெரிய வீட்டுக்குப் போய்ச் சவேரியம்மா என்று சொன்னாலும் கதவு திறக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அதைச் சொல்லி முடித்தால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்ததோடு சரி. அதனால் ஒரே ஒரு வீட்டைப் பற்றி, ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். காய் நகர்த்துவது உங்களுக்கே தெரியும், அதை நான் சொல்ல வேண்டாம்.

நான் ஆட்டம் கற்றது படகுக்காரர்களிடம். அப்பா கடலோரத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவல். மலாய்ப் படகுக்காரர்கள் சரக்கை இறக்கிவிட்டு, கரியால் பலகையில் கட்டம் போட்டு ஆடுவார்கள். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் நின்று நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதனால் என் பலகையில் யானை கோணலாகப் போகும், தேர் நேராகப் போகும், ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பது மந்திரி. நீங்கள் வேறு மாதிரி சொல்லிப் பழகியிருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரை என் பழக்கத்துக்கு வந்துவிடுங்கள்.

என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவள் எனக்கு முன்னால் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண். பெயர் வேண்டாம், இப்போது உயிரோடு இல்லை. முதல் நாள் அவள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

"மூணு ஆட்டம் ஆடினா ரெண்டு தோத்துடு. சட்டுனு தோக்காதே, கண்டுபிடிச்சுடுவாங்க. வேர்த்து விறுவிறுத்துத் தோக்கணும். ஜெயிக்கிறதுக்கு மூளை போதும்டி, தோக்கிறதுக்குத்தான் நடிப்பு வேணும்."

அதை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். நெற்றியைத் துடைப்பேன். தலையைச் சொறிவேன். காயில் கை வைத்துவிட்டு எடுப்பேன். என்னைப் போலத் தோற்க இந்த ஊரில் ஆளில்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் அந்த மாடி வீடு இருந்தது. கீழே பாக்கும் ஜாதிக்காயும் கிராம்பும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கடை. மேலே குடும்பம். வீட்டுக்காரரை எல்லாரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவர் மனைவி செய்னம்பு நாச்சியா. என்னைவிட எட்டு வயது இளையவர். பிள்ளை இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெருவைச் சன்னல் பலகை இடுக்கு வழியாகத்தான் பார்த்தவர். வாரத்துக்கு மூன்று நாள் போவேன். ஒன்பது வருஷம் அப்படிப் போனேன்.

படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே காய்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க சவேரிக்கா. இன்னிக்கு உங்களை அழ வெக்கப் போறேன்."

"அழறதுக்குத்தான் முந்தானையைத் தோச்சுக் கட்டிட்டு வந்திருக்கேன் நாச்சியா."

"நெசமா அழணும்லா. போன தடவை மாதிரி சிரிச்சுட்டே தோத்தா ஒத்துக்க மாட்டேன்."

அவருக்குப் பிடித்த தொடக்கம் ஒன்று உண்டு. நான் சொல்லிக்கொடுத்ததுதான். அதன் கருத்தை உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவருக்கு நான் பாதிதான் சொன்னேன்.

எதிரி முதலில் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவை அவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அவன் காலாள்களை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, இடமெல்லாம் தனக்கே என்று நினைத்துக்கொள்ளட்டும். நீங்கள் ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் காலாளை ஒரு கட்டம் மட்டும் தள்ளி, அந்த மூலையில் யானையை ஒதுக்கி வைக்கிறீர்கள். குதிரை யானைக்குக் கோணலாக முன்னால், அதன் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். ராஜா அதற்குப் பின்னால் பத்திரம். பார்க்கிறவனுக்கு நீங்கள் பயந்து ஒடுங்கிக் கிடக்கிற மாதிரி இருக்கும். ஆனால் மூலைக்கு மூலை ஓடுகிற யானையின் வழி அவனுடைய நடுப்படையின் வயிற்றுக்குள் போகிறது. நேரம் பார்த்து உங்கள் காலாள் ஒன்றை அவன் நடுக்காலாளோடு மோதுகிற மாதிரித் தள்ளுகிறீர்கள். அவன் வெட்டினாலும் சரி, நீங்கள் வெட்டினாலும் சரி, நடு காலியாகும். அப்போது உங்கள் குதிரை பாய்ந்து அவனுடைய இன்னொரு காலாளை வெட்டும். குதிரை விலகியதும் பின்னாலிருக்கும் யானைக்குக் கண் திறக்கும். எதைக் காப்பாற்றுவது என்று அவன் திணறுவான்.

இது முதல் பாதி. அவன் வெட்டவே வேண்டாம் என்று முடிவு செய்தால் என்ன ஆகும் என்பது மறுபாதி. மோத வந்த காலாளைத் தொடாமல், தன் காலாளை அதைத் தாண்டி ஒரு கட்டம் முன்னே தள்ளிவிட்டால் நடு அடைபட்டுப் போகும். உங்கள் காலாளே உங்கள் யானையின் வழியில் கல் மாதிரி நிற்கும். அப்போது குதிரை பாய்ந்தால் யானையின் துணை கிடையாது, குதிரைதான் போகும். அந்த நேரத்தில் நடுவை மறந்துவிட வேண்டும். குதிரையைப் பின்னுக்கு இழுத்து, அதன் பின்னால் அடைந்து கிடந்த காலாளுக்கு வழிவிட்டு, பக்கத்திலிருந்து உடைக்க வேண்டும். தொடக்கம் ஒன்றுதான். எதிரி வெட்டுகிறானா, தாண்டிப் போகிறானா என்பதைப் பொறுத்துச் சண்டை வேறு வேறு.

ஒன்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் தாண்டித் தள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் வெட்டினேன். மூன்றில் ஒன்றை நான் ஜெயித்ததும் வேறு தொடக்கத்தில், கணக்கு வைத்து ஜெயித்ததுதான். வெட்டினால் அவர் குதிரை பாயும், அவர் ஜெயிப்பார், கையைத் தட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு நானும் பழகிப்போயிருந்தேன்.

ஒருநாள் காய்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க அக்கா, நான் நல்லா ஆடுறேனா?"

"உங்களை மாதிரி ஆடுற பொம்பளை இந்த ஊர்லயே கெடையாது நாச்சியா."

அது பொய்யில்லை. இந்த ஊரில் எத்தனை பெண்கள் ஆடினார்கள்? ஆனால் அவர் கேட்டது அதையல்ல என்று எனக்கும் தெரியும்.

கெடாவிலிருந்து முதலாளியிடம் பாக்கு வியாபாரத்துக்கு வருகிற மலாய்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். சதுரங்கத்தில் பேர் போனவர். அடுத்த முறை அவர் வரும்போது அவரோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்று நாச்சியா ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் முதலாளி மனம் இறங்கியபோது நானும் அங்கே இருந்தேன்.

"அந்நிய ஆம்பளையோட எப்படிம்மா ஆடுவே?"

"திரை போட்டுக்கிறேன் மச்சான். உள்ளே எனக்கு ஒரு பலகை, கூடத்துல அவருக்கு ஒரு பலகை. சவேரிக்கா வெளியே உக்காந்து எனக்காகக் காயை வெப்பாங்க. என் குரல்கூட அவர் காதுல விழாது."

"தோத்துட்டா?"

"தோத்தா தோத்துட்டுப் போறேன்."

"தோக்கிறது தப்பில்லை. நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஆடக்கூடாது. நல்லா ஆடினேன்னு வை, ஆடத் தெரிஞ்சவர் இனிமே யார் வந்தாலும் திரைக்குப் பின்னால இருந்து ஆடிக்கோ. எனக்கு அசிங்கமாச்சுன்னா பலகை பரணுக்குப் போயிடும். அப்புறம் கேக்கக்கூடாது."

"சம்மதம்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்ன சவேரியம்மா, தாங்குமா?"

"தாராளமாத் தாங்கும் முதலாளி. யார் பழக்கினது?"

அவர் கீழே போனதும் நாச்சியா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்பது வருஷமா உங்க முகத்தையே பாத்து ஆடியாச்சு. கோவிச்சுக்காதீங்க அக்கா. நான் ஆடுறது ஆட்டந்தானான்னு இன்னொருத்தர் வாயால தெரிஞ்சுக்கணும்."

பெரியவர் வர எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளில் மறுபாதியைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். நாச்சியாவுக்கு ஒரு மத்தியானம் போதும். ஆனால் சொன்னால் "இத்தனை வருஷம் ஏன் சொல்லலை" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். பெரியவர் தாண்டிப் போக மாட்டார், வெட்டத்தான் செய்வார், எதிரே வந்து நிற்கிற காயை வெட்ட யாருக்குத்தான் ஆசை வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு நாளும் போய், பழையபடி வெட்டி, பழையபடி தோற்றுவிட்டு வந்தேன்.

அன்று மத்தியான லுஹர் தொழுகை முடிந்து, சாப்பாடும் ஆனபின் ஆட்டத்துக்கு உட்கார்ந்தோம். கூடத்தின் குறுக்கே கனமான பச்சைத் திரை. இந்தப் பக்கம் பெரியவர், பலகைக்கு எதிரே நான், பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு முதலாளி. பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை குனிந்தே பேசுகிற மனிதர். திரைப் பக்கம் ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை. அவர் நகர்த்துவதை நான் உரக்கச் சொல்வேன். நாச்சியா உள்ளே தன் பலகையில் வைத்துப் பார்த்து, என் காதுக்கு மட்டும் எட்டுகிற குரலில் பதில் சொல்வார். அதைக் கூடத்துப் பலகையில் நான் வைப்பேன். அவருடைய கண், வாய், கை மூன்றும் அன்றைக்கு நான்.

"விருந்தாளி முதல்ல ஆடட்டும்" என்றார் நாச்சியா.

பெரியவர் நடுவில் காலாள்களை நிறுத்தினார். நாச்சியா ஒதுங்கி ஒதுங்கி யானையை மூலையில் வைத்தார், குதிரையை வைத்தார், ராஜாவைப் பத்திரப்படுத்தினார். பெரியவர் முதலாளியிடம் மலாயில், "பாகுஸ், அருமை. உங்கள் வீட்டில் கோட்டை கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்" என்றார். முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கும் முதுகு நிமிர்ந்தது.

பிறகு நாச்சியா அந்தக் காலாளைத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். பெரியவர் வெகுநேரம் பார்த்தார். வெட்டக் கை போகும் என்று காத்திருந்தேன். அவர் தன் நடுக்காலாளை ஒற்றை விரலால் மெதுவாகத் தள்ளி, எங்கள் காலாளைத் தாண்டி முன்னே வைத்தார்.

நான் சொல்லி முடிப்பதற்கும் பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்பதற்கும் சரியாக இருந்தது. ஆண்கள் இருவரும் தொழப் போனார்கள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"சவேரிக்கா, இது என்ன? தாண்டிப் போயிட்டாரே. நீங்க ஒரு நாளும் இப்படித் தள்ளினதில்லையே."

"ஆட்டம் நடுவுல பேசக்கூடாது நாச்சியா. முறையில்லை."

"எப்படி ஆடணும்னு கேக்கலை அக்கா. நீங்க ஏன் இப்படி ஆடினதே இல்லைன்னுதான் கேக்கறேன்."

"எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். போய்த் தொழுதுட்டு வாங்க."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போய்விட்டார். முறை முறை என்று நான் சொன்னதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் அந்த முறைக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் அடுத்து எழுதப் போகிறேன். இரண்டு பலகைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்து பார்த்தேன். வரவில்லை.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"குதிரையால நடுக்காலாளை வெட்டுங்க."

ஒன்பது வருஷமாக அந்த இடத்தில் அவர் செய்வது அதுதான். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது, தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன். வெட்டினால் பெரியவரின் குதிரை எங்கள் குதிரையைத் தின்றுவிடும். சின்னப் பிள்ளைகள் செய்கிற தவறு.

அந்த நொடியில் நான் நினைத்ததை உள்ளபடி எழுதுகிறேன். நாச்சியாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. "சவேரியம்மா பழக்கின லட்சணம் இதுதானா" என்று முதலாளி சொல்லிவிடுவாரே என்று நினைத்தேன். என் கை குதிரையை எடுத்தது. நடுவுக்குக் கொண்டுபோகாமல் பின்வரிசையில், மந்திரிக்குப் பக்கத்தில் வைத்தது. அதுதான் அந்த இடத்துக்குச் சரியான ஆட்டம். பெரியவர் மெச்சுவது போலத் தலையை ஆட்டினார். பதிலுக்குத் தன் யானையை ஒரு கட்டம் வெளியே கொண்டுவந்தார். அதை உரக்கச் சொன்னேன்.

திரைக்குப் பின்னாலிருந்து மெல்லக் கேட்டது.

"சவேரிக்கா, என் குதிரையை அவர் வெட்டலையா?"

"இல்லை நாச்சியா."

"சொன்னதுக்கப்புறம்தான் பாத்தேன். வாய்க்குள்ளயே கொண்டுபோய் வெச்சிருக்கேன். ஏன் வெட்டலை?"

"கவனிக்கலையோ என்னவோ."

"அவரா கவனிக்கலை? என் குதிரை எங்க நிக்குது அக்கா?"

"நீங்க சொன்ன இடத்துலதான்."

காய் மாற்றி வைத்தது ஒரு தவறு. இது அதைவிடப் பெரியது. முதலாவது பதற்றத்தில் கை செய்தது என்று யாராவது எனக்காகப் பேசலாம். இரண்டாவதை நான் யோசித்துத்தான் சொன்னேன்.

அடுத்து வந்தது அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சத்தம். நாச்சியா திரைக்குப் பின்னாலிருந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி, மலாயில் பெரியவரிடமே கேட்டார்.

"துவான், என் குதிரை எந்தக் கட்டத்தில் நிற்கிறது?"

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். பெரியவர் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "பின்வரிசையில் அம்மா. மந்திரிக்குப் பக்கத்தில்."

"அது நான் ஆடினது இல்லை. நான் நடுக்காலாளை வெட்டச் சொன்னேன். அப்படியே வையுங்கள்."

பெரியவர் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "அங்கே வைத்தால் குதிரை போய்விடும் அம்மா. இப்போது நிற்கிற இடம் நல்லது. இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை."

"நல்லதுதான் துவான். ஆனால் என்னுடையது இல்லை."

நான் கையை நீட்டினேன். உள்ளேயிருந்து தமிழில் சொன்னார், அதுவும் உரக்க. "அக்கா, காயைத் தொடாதீங்க. துவானே வெக்கட்டும்."

பெரியவர் தன் யானையைத் திரும்ப உள்ளே வைத்தார். நாச்சியாவின் குதிரையை எடுத்து நடுவில் வைத்து, எங்களுக்குக் கிடைத்த காலாளைத் தனியாக எடுத்து வைத்தார். பிறகு தன் குதிரையால் அந்தக் குதிரையை வெட்டினார். வெட்டும்போது "மன்னியுங்கள்" என்றார்.

அதற்குப் பிறகு நாச்சியா ஒவ்வொரு நகர்த்தலையும் தானே உரக்கச் சொன்னார். பெரியவரே இரண்டு பக்கக் காயையும் வைத்தார். நான் எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நடுவில் இருந்தேன். அப்போது நான் பார்த்ததை நீங்கள் நம்ப வேண்டும். குதிரை போய்விட்டது, யானையின் வழி அடைந்து கிடக்கிறது, பழக்கப்பட்டது எதுவும் உதவாது. நாச்சியா, போன குதிரைக்குப் பின்னால் அடைந்து கிடந்த அந்தக் காலாளை முன்னே தள்ளினார். அடுத்ததையும் தள்ளினார். தேரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். நான் ஒன்பது வருஷம் ஒளித்து வைத்த மறுபாதியை, ஒரு குதிரை குறைந்த நிலையில், யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடித்தார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரைத் தொடவில்லை. பக்கத்திலிருந்து வந்த அந்தப் படையைத் தடுக்க அவர் ராஜாவை இரண்டு தடவை நகர்த்த வேண்டியிருந்தது.

ஆனாலும் ஒரு குதிரை குறைவு என்றால் குறைவுதான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் நாச்சியா தோற்றார்.

பெரியவர் எழுந்து, முதலாளியிடம் சொன்னார். "அந்தக் குதிரை இருந்திருந்தால் இன்று நான் தலை குனிந்துதான் கெடாவுக்குப் போயிருப்பேன்."

அது போதும் என்று நினைத்தேன். நன்றாக ஆடியாயிற்று, வெளியாள் வாயால் சொல்லியும் ஆயிற்று. முதலாளி பெரியவரை வாசல் வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"நல்லா ஆடினே. நான் இல்லேன்னு சொல்லலை" என்றார் திரையைப் பார்த்து. "ஆனா என் கூடத்துல காயை மாத்தி வெச்சிருக்கு. நாளைக்கு இது பாசார்ல பேச்சாகும். அப்புறம் எந்த மரியாதைப்பட்டவன் அந்தப் பலகைக்கு முன்னால வந்து உக்காருவான், சொல்லு?"

முதலாளி என்னைத் திட்டவில்லை. "போய்ட்டு வாங்க சவேரியம்மா" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கே பலகை பரணுக்குப் போனது. அவர் தோற்றதால் போகவில்லை. என்னால் போனது.

மூன்று வாரம் நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய் மாற்றியதையும் பொய் சொன்னதையும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தோற்றுக்கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குள்ளே ஒரு குளிர்ச்சி இருந்தது. வீடு அவருடையது, நகை அவருடையது, வேலைக்கு வருகிறவள் நான். ஆனால் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், இன்றைக்கு இவர் ஜெயிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவள் நான். இரக்கம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே அது திமிர். விட்டுக்கொடுப்பது தருமம் என்று உங்களுக்கு யாராவது சொல்லித்தந்தால், அவளிடம் இதைக் கேளுங்கள்: அந்த நேரத்தில் உன் மனசு எப்படி இருந்தது?

அந்த வீட்டுக்குப் பிறகு பதினோரு வருஷம் வேறு வீடுகளுக்குப் போனேன். எங்கேயும் ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வீடுகளில் என்னை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் இருக்கிறது. முதலாளி புக்கிட் மெர்தாஜாமுக்குப் போயிருந்த ஒரு காலை நேரம், நாச்சியா சமையல்காரியை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். பின்கட்டு வழியாகப் போனேன். சமையலறைக்கு வெளியே தரையில் கரியால் எட்டுக்கு எட்டாகக் கட்டம் போட்டு வைத்திருந்தார். ஜாதிக்காய் ராஜா. பாக்கு தேர். காலாள்களுக்கு ஒரு பக்கம் கிராம்பு, இன்னொரு பக்கம் மிளகு. மற்ற காய்களுக்கு ஏலக்காயும் பட்டையும் சோழியும்.

"பலகைதானே பரண்ல இருக்கு. தரை இங்கதானே இருக்கு. உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அழுதுவிடுவேன் போல இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இந்த ஒன்பது வருஷத்துல நான் ஜெயிச்சதுல எத்தனை நெசம்?"

நான் தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணுகூடவா இல்லை?"

"தெரியலை நாச்சியா. எது நெசம்னு எனக்கே தெரியாமப் போச்சு."

"சரி. போனது போகட்டும். இன்னிக்கு ஒண்ணு ஆடுங்க. யாரும் பாக்கலை, சம்பளம் கெடையாது. எனக்கு ஒரே ஒரு நெசமான ஆட்டம் வேணும். உங்களால முடிஞ்ச மட்டும் என்னை அடிங்க."

"சரி நாச்சியா."

மனசாரத்தான் சொன்னேன். ஆடினோம். நான் நடுவில் மிளகுகளை நிறுத்தினேன். அவர் ஒதுங்கி யானையை மூலையில் வைத்தார், குதிரையை வைத்தார். பழைய அதே தொடக்கம். வேண்டுமென்றேதான் அதை எடுத்தார் என்று எனக்குத் தெரிந்தது. என்னிடம் ஒரு பதில் கேட்கிறார், காய்களால். பிறகு அந்தக் கிராம்பை நடுவுக்குத் தள்ளிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணில் எதிர்பார்ப்பு. இந்தத் தடவை அவருக்கு மறுபாதி தெரியும். நான் தாண்டிப் போனால் அவர் பக்கத்திலிருந்து வருவார். உண்மையான சண்டை நடக்கும். அவர் ஜெயித்திருக்கவும் கூடும்.

நான் வெட்டினேன்.

ஏன் என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், கை போயிற்று. ஆயிரம் தடவை போன வழி அது. கிராம்பு என் விரலுக்கு நடுவில் வந்த பிறகுதான் நான் செய்தது எனக்கே தெரிந்தது.

நாச்சியா என் விரலைப் பார்த்தார். குதிரையை எடுத்துப் பாய்ச்சவில்லை. சமையல்காரி உள்ளே ஏதோ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கை தவறிடுச்சு நாச்சியா. திருப்பி வெக்கிறேன். இன்னொரு ஆட்டம் ஆடலாம்."

"தவறலை அக்கா. உங்க கைக்கு என்னை அப்படித்தான் தெரியும்."

மிளகையும் கிராம்பையும் தனித்தனியாகப் பொறுக்கி டப்பாக்களில் போட ஆரம்பித்தார். அவசரமே இல்லை. ஜாதிக்காய் ராஜாவைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒரே ஒரு தடவை என்னை நெசமாத் தோக்கடிச்சிருந்தீங்கன்னா, அடுத்து நான் ஜெயிச்சது என்னோடதா இருந்திருக்கும்."

எழுந்தேன். பின்கட்டுப் படிக்கு அந்தக் கட்டங்களைச் சுற்றிப் போக இடமில்லை. அவற்றை மிதித்துக்கொண்டுதான் போனேன்.